33 பேரோடு தொடங்கிய யாகுசா (ஜப்பானிய மாஃபியா) தலைவர் தவோகா, ஜப்பானின் மிகப் பெரிய கும்பலை எப்படிக் கட்டினார்?

வெட்டுக்குத்தால் மட்டுமல்ல. அவருடைய முக்கிய ஆயுதம் சாக்கே என்ற அரிசி மது ஊற்றிய சின்னக் கிண்ணம்.

1946இல் தவோகா கசுவோ கோபே நகரத்து யமகுச்சி-குமி என்ற கும்பலின் மூன்றாம் தலைவரானார். கள்ளச்சந்தையை நம்பி ஊர் வயிறு நிரப்பிய காலம். அவர் கண் வைத்தது துறைமுகத்தின் மேல். சரக்கு இறங்காமல் கப்பல் ஒரு நாள் நின்றாலும் கப்பல்காரருக்கு நஷ்டம். அதனால் கூலியாட்களை அனுப்புகிறவன் சொன்னதுதான் விலை. 1950இல் கொரியப் போர் வந்ததும் வேலை குவிந்தது. பிறகு 1957இல் கோபே கெய்னோஷா என்ற கலைநிகழ்ச்சி நிறுவனம். புகழ்பெற்ற பாடகி மிசோரா ஹிபாரியின் கச்சேரி வேண்டும் என்றால் தவோகாவிடம்தான் பேச வேண்டும். டிக்கெட் வசூலைவிட, ஊர் ஊராகக் கிடைத்த தொடர்புதான் பெரிய லாபம் என்பேன்.

இனி கிண்ணம். 'சகசுகி' சடங்கில் தலைவர் தரும் கிண்ணத்தைக் குடித்தவன் அவருக்கு 'மகன்'. அண்ணன்-தம்பி உறவு என்றால் சாக்கேயைப் பங்கு போடுவார்கள்: சரிசமம் என்றால் 5-5, இல்லையென்றால் 6-4, 7-3, பெரிய பங்கு அண்ணனுக்கு. வெளியூர்க் கும்பலோடு தவோகா தானே குடிக்க வேண்டியதில்லை, அவருடைய ஆட்களில் ஒருவர் குடித்தால் போதும். ஹிரோஷிமாவில் உச்சிகோஷி கும்பல் அப்படித்தான் யமகுச்சி-குமி பக்கம் வந்தது. உச்சிகோஷிக்கு எதிரியான, பக்கத்துக் குரே ஊர்க் கும்பலின் தலைவர் யமமுரா தத்சுவோ சும்மா இருப்பாரா? கோபேயிலேயே இருந்த போட்டிக் கும்பலான ஹோண்டா-காயோடு உறவு வைத்தார்.

கோளாறும் இங்கேதான். கிண்ணம் குடித்தவனுக்கு அடி விழுந்தால் மேலே இருப்பவரின் மானம் போகும், எனவே உள்ளூர்த் தகராறு எதுவும் உள்ளூரோடு நிற்காது. 1963இல் ஹிரோஷிமா தெருக்களில் துப்பாக்கி வெடித்தது. 1964இல் காவல்துறை நாடு முழுக்கத் தலைவர்களையும் அவர்களுடைய வருமானத்தையும் குறிவைத்தது. 1965இல் ஹோண்டா-காய் கலைந்தது. இதய நோயில் விழுந்தும் தவோகா தன் கும்பலைக் கலைக்கவில்லை.

ஆனால் கிண்ணம் ஆளைக் கட்டுமே தவிர, நாற்காலியைக் கட்டாது. தலைவர் மாறினால் எல்லோரும் புதியவரிடம் மறுபடி குடிக்க வேண்டும். தவோகா 1981இல் இறந்தார்; அடுத்தவர் என்று கருதப்பட்ட யமமோட்டோ கெனிச்சியும் 1982இல் போய்ச் சேர்ந்தார். 1984இல் தகேனகா மசஹிசா தலைவரானபோது, நேற்றுவரை தோளோடு தோள் நின்றவனிடம் 'மகனாக'க் குடிப்பதா என்று மறுத்தவர்கள் பிரிந்து இச்சிவா-காய் தொடங்கினார்கள். 1985 ஜனவரியில் தகேனகாவைச் சுட்டுக் கொன்றதும் அவர்கள்தான்.