நாயும் பூனையும் உண்டு, வீடு கிடைக்குமா?

கேள்வி: அக்கா, செங்காங் நாலறை வீட்டை விற்றுவிட்டு ஈசூனில் மறுவிற்பனை வீடு வாங்குகிறோம். எங்கள் வீட்டை வாங்க ஆள் அமைந்துவிட்டது, வீவகவில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இன்னும் மனு போடவில்லை. ஈசூன் வீட்டில் தரை, குளியலறை எல்லாம் உடைத்துச் செய்ய இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை தங்க வாடகை வீடு தேடுகிறோம். ஒரு ஷிட்சு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன என்றதுமே போனை வைத்துவிடுகிறார்கள். சொல்லாமல் குடிபோய்விடலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: வேண்டாம். நீங்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் நாய் குரைக்கிறது என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிடுவார். முன்பணமும் போகும், இரண்டு மாதத்தில் இரண்டு முறை வீடு மாறவும் வேண்டும்.

அதைவிட, வாடகை வீடே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்கள் வீட்டை வாங்குகிறவரிடம் பேசிப் பாருங்கள். விற்பனை முடிந்த பிறகும் அதிகபட்சம் 3 மாதம் பழைய வீட்டிலேயே தங்கிக்கொள்ள வீவக வழி வைத்திருக்கிறது. வாங்குபவர் சம்மதிக்க வேண்டும். நீங்கள் சிங்கப்பூரில் ஏற்கெனவே கட்டி முடிந்த இன்னொரு வீட்டை வாங்க ஒப்பந்தமாகியிருக்க வேண்டும். மறுவிற்பனை மனு போடுவதற்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. நீங்கள் இன்னும் மனு போடவில்லை என்றதால்தான் முதலிலேயே சொல்கிறேன். அந்த மாதங்களுக்கு அவருக்கு ஏதாவது கொடுத்தாலும் வாடகை வீட்டுக்கு அலைவதைவிட மலிவாகவே முடியும்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லையா? சரி, அப்போது தேடுவோம். ஆனால் 'இரண்டு மாத வாடகை வீடு' என்று தேடாதீர்கள். வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். கொண்டோ போன்ற தனியார் வீடுகளுக்கு 2017 ஜூன் 30 முதல் குறைந்தது 3 மாதம். அதற்கும் குறைவாகத் தருகிறேன், 'யாராவது கேட்டால் வீட்டுக்காரரின் உறவினர் என்று சொல்லிக்கொள்ளுங்கள்' என்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். சர்வீஸ் அபார்ட்மெண்டில் 7 நாள் முதல் தங்கலாம், சில இடங்களில் செல்லப்பிராணிகளுக்கும் இடமுண்டு. ஆனால் இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ரினவேஷன் பட்ஜெட்டில் பாதியைக் கேட்பார்கள். ஆகவே 3 மாத கொண்டோதான் உங்களுக்குச் சரி. ஒரு மாதம் கூடுதலாகப் போகிறதே என்று வருந்தாதீர்கள், சொன்ன தேதியில் முடிந்த ரினவேஷனை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் வீட்டு முகவராக இருந்த காலத்தில், காலி செய்யும் வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் குனிந்து கதவுகளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். நாய் பிறாண்டிய கோடு அங்கேதான் இருக்கும். அடுத்தது மரத்தரை. மூத்திரம் இறங்கிய இடத்தில் பலகை ஓரம் கறுத்து லேசாக உப்பியிருக்கும், எத்தனை தடவை துடைத்தாலும் மழைநாளில் வாடை எழும்பும். அப்புறம் ஏர்கான். மூடியைத் திறந்தால் வடிகட்டியில் பூனை முடி கம்பளி போல் படிந்திருக்கும். வீட்டுக்காரர் 'நோ பெட்ஸ்' என்று சொல்லும்போது அவர் மனதில் ஓடுவது இந்த மூன்றும்தான்.

அதனால் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள்: காலி செய்யும்போது ஏர்கானுக்குக் கெமிக்கல் வாஷ், திரைச்சீலைக்கு டிரை கிளீனிங், கதவில் கீறல் இருந்தால் சாயம், எல்லாம் எங்கள் செலவு. இதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். 'செல்லப்பிராணி அனுமதி' என்று பொதுவாக எழுதாமல் ஒரு நாய், ஒரு பூனை, இன்ன இனம் என்றே இருக்கட்டும். டைல்ஸ் தரையுள்ள, சாமான் குறைவான வீடாகப் பாருங்கள். நாயின் உரிமம், பூனையின் மைக்ரோசிப், உரிமம் இவற்றின் நகலை முதல் மெசேஜிலேயே அனுப்பிவிடுங்கள். குடிபோன பிறகு உரிமத்தில் முகவரியை மாற்றவும் வேண்டும்.

முகவர்கள் பதில் போடவில்லை என்றால் கோபிக்காதீர்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அரை மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம், 3 மாதத்துக்கு அவர்களுக்கு என்ன கிடைத்துவிடும்? கமிஷன் நீங்களே தருவதாகச் சொல்லிப் பாருங்கள், போன் வரும். முத்திரைத் தீர்வை பெரிய செலவில்லை: மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 4,000 வெள்ளி என்றால் மூன்று மாதத்துக்கு 48 வெள்ளிதான்.

நம் பெயரைக் கேட்டதுமே 'சமையல் அதிகமா?' என்று இழுக்கிற வீட்டுக்காரரிடம் நாயைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த வீடே வேண்டாம்.

கேள்வி: உட்லண்ட்ஸில் வீவக வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார ஆன்ட்டி இரண்டு பூனை வளர்க்கிறார். நானும் ஒன்று தத்தெடுக்கலாமா? அவருக்குச் சம்மதம்தான்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஆன்ட்டி சம்மதித்தாலும் முடியாது தம்பி. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம், ஆனால் வீட்டுக்கு இரண்டுதான். உங்கள் அறைக்கென்று தனிக் கணக்குக் கிடையாது, ஆன்ட்டியின் இரண்டோடு அந்த வீட்டுக் கணக்கு முடிந்தது. அங்கே நாய் இல்லையென்றால் வீவக பட்டியலிலுள்ள சிறிய இனத்தில் ஒன்று வளர்க்க இடமிருக்கிறது. அதற்கு ஆன்ட்டியின் பூனைகள் சம்மதிக்குமா என்பது வேறு கேள்வி.