குந்தவை இப்படி அழமாட்டாளே என்று எழுதுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து ஒரு பெண் இணையத்தில் தொடர் எழுதுகிறார். 14 அத்தியாயம் வந்துவிட்டது. விறுவிறுப்பாகத்தான் போகிறது. ஆனால் குந்தவை எதற்கெடுத்தாலும் அழுகிறாள், நாவலில் வருகிற மணிமேகலையைக் காணவே காணோம், எழுத்துப்பிழையும் ஏராளம். மற்றவர்கள் எல்லாம் 'சூப்பர் சிஸ், அடுத்த யூடி (அப்டேட்) எப்போ?' என்பதோடு சரி. நான் உள்ளதைச் சொன்னால் தப்பா?

பதில்: தப்பில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். 'நிறைகுறை சொல்லுங்கள்' என்று அத்தியாயத்தின் அடியில் எழுதியிருந்தால் தாராளமாகச் சொல்லலாம். எழுதவில்லையா? 'குந்தவை பற்றி ஒன்று தோன்றியது, தனிச்செய்தியில் சொல்லட்டுமா?' என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

விலை போட்டு வரும் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதும்போது, அடுத்து வாங்கப்போகிறவருக்காக எழுதுகிறோம். ரசிகர் புனைவில், அதாவது ஒரு கதையின் ரசிகர்கள் அதே பாத்திரங்களை வைத்து எழுதுவதில், வாங்குகிறவரே கிடையாது. கொலு பார்க்கப் போன வீட்டில் சுண்டலில் உப்புக் குறைந்தால் கூடத்தில் நாலு பேர் முன்னால் சொல்வோமா? உரிமை இருந்தால் சமையலறைப் பக்கம் போய்க் காதோடு சொல்வோம். நட்சத்திரம் போடுகிற தளமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இரண்டு நட்சத்திரம் அவருக்கு எதையும் கற்றுத்தராது. 2009இல் தொடங்கிய 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் நட்சத்திரமே கிடையாது. பிடித்திருந்தால் 'கூடோஸ்' என்று ஒரு பாராட்டுக் குறி கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு தொடரின் கீழே 23 பிழைகளை வரிசை எண் போட்டு எழுதினேன். அத்தனையும் சரியான திருத்தங்கள். அந்தத் தொடர் அடுத்த அத்தியாயத்தைப் பார்க்கவே இல்லை.

சரி, உங்கள் மூன்று குறைகளுக்கு வருவோம். மணிமேகலையை விட்டுவிடுங்கள். 2022, 2023இல் வந்த இரண்டு படங்களிலும் அவள் இல்லை. இந்த எழுத்தாளர் படத்திலிருந்து தொடங்கியிருந்தால் அவர் கதையில் மணிமேகலை எப்படி வருவாள்? நாவலா, படமா, இரண்டும் இல்லாத சொந்தக் கற்பனையா என்று முன்குறிப்பில் சொல்லியிருக்கிறாரா பாருங்கள். கல்கி முடித்த இடத்திலிருந்து எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' நாவலை எழுதினார். அடுத்தவர் பாத்திரத்தைக் கையில் எடுப்பது நமக்குப் புதிதல்ல. எடுத்தவர் எங்கே போகக் கிளம்பினாரோ அந்த வழியில் வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

குந்தவை விஷயம் சொல்லத் தகுந்தது. ஆனால் 'கல்கியைப் படித்துவிட்டு எழுதுங்கள்' என்று ஆரம்பித்தால் அவர் இரண்டாவது வரிக்கே வரமாட்டார். கல்கியின் குந்தவையை ஓரமாக வைத்துவிட்டு, இவருடைய குந்தவையையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். இப்படி எழுதலாம்: '5ஆம் அத்தியாயத்தில் குந்தவை பழுவேட்டரையரை எதிர்த்துப் பேசிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். அதே குந்தவை 11இல் வந்தியத்தேவன் சொன்ன ஒரு வார்த்தைக்கு உடைந்து போனபோது நடுவில் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்தீர்களா?' கடைசிக் கேள்வி முக்கியம். சில சமயம் பதில் 16ஆம் அத்தியாயத்துக்காக அவர் கையில் காத்திருக்கும்.

பிழைகளில் அடிக்கடி வருகிற ஒன்றை மட்டும் எடுங்கள். நான் வாசித்த ஒரு கதையில் வந்தியத்தேவன் பக்கத்துக்குப் பக்கம் 'வாலை' உருவிக்கொண்டு பாய்ந்தான். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சிரிப்பு பொம்மை போடாமல், 'லகர ளகரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், வாள் பல இடத்தில் வாலாகியிருக்கிறது' என்றால் போதும். வரலாற்றுத் தகவல் பிழையைச் சொல்வது இதைவிடச் சுலபம். சோழர் அரண்மனைச் சமையலில் பச்சைமிளகாய் வந்தால், 'மிளகாய் போர்த்துகீசியர் வழியாக வந்தது, அங்கே மிளகு என்று மாற்றலாம்' என்று காரணத்தோடு மாற்றையும் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் நன்றி சொல்லித் திருத்துவார்கள். யாரையும் பாத்திரப் படைப்பில் தொடுவதைவிடத் தகவலில் தொடுவது வலிக்காது.

பிடித்ததைச் சொல்லும்போதும் 'அருமை' என்று நிறுத்தாதீர்கள். எந்த வரி, ஏன் என்று சொல்லுங்கள். நீங்கள் உண்மையிலேயே வாசித்தவர் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். அப்புறம் குறையையும் காதில் வாங்குவார். ஆனால் குறைக்கு முன்னும் பின்னும் கடமைக்கு ஒரு பாராட்டு வைக்காதீர்கள், அது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தவர் கதையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அது விமர்சன விஷயமே இல்லை, தளத்துக்குத் தெரிவியுங்கள்.

கேட்டதற்கு 'இப்போது வேண்டாம் சிஸ், முடித்துவிட்டுப் பார்க்கிறேன்' என்று பதில் வந்தால் 'சரி' என்று சொல்லிவிட்டு அடுத்த யூடியைப் படியுங்கள். மிளகாய் அதுவரை அரண்மனையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.