பெடலைத் தொட்டால் விமானம் சாய்கிறது: ஸ்டிக் கெட்டுவிட்டதா?

கேள்வி: டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற கணினி விமான விளையாட்டில் இலவசமாகக் கிடைக்கும் டி.எஃப்-51டி, சு-25டி விமானங்கள் இரண்டையும் ஓட்டிப் பழகுகிறேன். கைப்பிடியை முறுக்கக்கூடிய ஜாய்ஸ்டிக் ஏற்கெனவே இருந்தது. போன மாதம், வால் துடுப்பைக் காலால் திருப்பும் பழைய ரட்டர் பெடல் ஒன்று வாங்கிச் செருகினேன். அன்றிலிருந்து வானத்தில் பெடலின் பிரேக் பகுதியில் கால் பட்டாலே விமானம் ஒருபக்கம் சாய்கிறது. டி.எஃப்-51 மேலெழும்பும்போது ஓடுபாதையை விட்டு இடதுபக்கம் ஓடுகிறது. சு-25டியில் குறிவைத்தால் மூக்கு நடுங்குகிறது. பெடல் விற்றவரோ, “உங்கள் ஸ்டிக்கில் சிப் போய்விட்டது, புதிது வாங்குங்கள். இல்லையென்றால் 1,500 ரூபாய்க்கு ப்ரோ செட்டிங் ஃபைல் தருகிறேன்” என்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் காரணம் தனித்தனி. ஒன்று விளையாட்டின் அசட்டுத்தனம். ஒன்று கோளாறே இல்லை. மூன்றாவதுதான் கொஞ்சம் ஸ்டிக், மிச்சம் உங்கள் கை.

முதலில் சாய்வதைப் பார்ப்போம். டி.சி.எஸ்.ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். புதிதாக எதைச் செருகினாலும் அதையும் ஒரு ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொண்டு, அதன் எக்ஸ் அச்சை இறக்கைச் சாய்வுக்கும், ஒய் அச்சை மூக்கின் ஏற்ற இறக்கத்துக்கும் தானாகவே கட்டிவிடும். பெடலுக்கு ஏது ஒய் அச்சு என்கிறீர்களா? இடது, வலது பிரேக்குகள்தான் பெரும்பாலான பெடல்களில் எக்ஸ், ஒய் என்ற பெயரில் கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. ஆக, நீங்கள் பிரேக்கை மிதிப்பதாக நினைக்கிறீர்கள், விமானமோ ஸ்டிக்கைச் சாய்த்ததாக நினைக்கிறது. சில பெடல்களில் ரட்டரே இசட் அச்சாக இருக்கும். அதை இஞ்சின் வேகத்தை ஏற்றி இறக்கும் த்ராட்டில் என்று கட்டிவைத்திருக்கும், வலதுகாலை நீட்டினால் இஞ்சின் உறுமும். “இது என்ன சாதனம்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காது. எத்தனை வருடமாக எத்தனை பேர் புலம்பியாயிற்று!

சரி, இதை அவிழ்ப்பது எப்படி? ஆப்ஷன்ஸ் போய் கண்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திறங்கள். இடது மேல்மூலையில் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். சில விமானங்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருமுறை வரும், ஒன்று நிஜ முறை, மற்றது ‘கேம்’ என்ற எளிய முறை. நீங்கள் ஓட்டுவது எதுவோ அதைத்தான் திருத்த வேண்டும். தப்பான பெயரில் ஒரு மணி நேரம் மாற்றிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம். அடுத்துள்ள பட்டியலில் ‘ஆக்சிஸ் கமாண்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஒரு பெரிய அட்டவணை தெரியும். வரிசைகள் விமானத்தின் வேலைகள், பத்திகள் உங்கள் சாதனங்கள்: கீபோர்டு, ஸ்டிக், பெடல், மவுஸ்.

மூக்கின் ஏற்ற இறக்கத்துக்கான ‘பிட்ச்’ என்ற வரிசையில் விரலை வைத்து அப்படியே வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஸ்டிக்கின் பத்தியில் ஜாய்-ஒய் இருக்கும், அது நியாயம். பெடலின் பத்தியிலும் ஜாய்-ஒய் இருந்தால் அதுதான் திருடன். அந்தக் கட்டத்தைச் சொடுக்கிக் கீழே உள்ள ‘கிளியர்’ பொத்தானை அழுத்துங்கள். இறக்கைச் சாய்வுக்கான ‘ரோல்’ வரிசையிலும் த்ராட்டில் வரிசையிலும் இதையே செய்யுங்கள். ‘கிளியர் ஆல்’ பக்கம் மட்டும் போகாதீர்கள், அந்தப் பத்தியில் நீங்கள் உட்கார்ந்து அமைத்த பொத்தான்கள் அத்தனையும் போய்விடும்.

அப்புறம் ‘ரட்டர்’ வரிசை. அங்கே உங்கள் ஸ்டிக்கின் முறுக்கும் அச்சு, பெடல் இரண்டும் இருக்கலாம். ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டீயரிங் வேண்டாம். முறுக்கை எடுத்துவிட்டுப் பெடலின் ரட்டர் அச்சை மட்டும் விடுங்கள். முறுக்கு வீணாகிறதே என்று தோன்றினால் அதைப் பார்வையைப் பெரிதாக்கும் ஜூமுக்குக் கட்டிக்கொள்ளலாம். கடைசியாக, இடது, வலது சக்கர பிரேக்குகளுக்கு என்று தனி வரிசைகள் உண்டு. பெடலின் எக்ஸும் ஒய்யும் போக வேண்டிய வீடு அதுதான். அங்கே கட்டியபின் ‘ஆக்சிஸ் டியூன்’ திறந்து ‘இன்வெர்ட்’ பெட்டியைப் பாருங்கள். பல பெடல்களில் பிரேக் தலைகீழாக வரும். காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும், மிதித்தால் விடும். இஞ்சின் முழுவேகத்தில் கத்தியும் விமானம் இடத்தை விட்டு நகரவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விமானத்தில் உட்கார்ந்து வலதுபக்கக் கண்ட்ரோல் விசையையும் எண்டரையும் சேர்த்து அழுத்துங்கள். திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் வரும். ஸ்டிக் எங்கே இருப்பதாக விமானம் நினைக்கிறது என்பதை அது காட்டும். ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பெடலையும் பிரேக்கையும் மட்டும் மிதியுங்கள். ஸ்டிக்கின் புள்ளி நடுவிலேயே நின்றால் முதல் கோளாறு தீர்ந்தது.

இவ்வளவையும் சு-25டிக்கு இன்னொருமுறை செய்ய வேண்டும். ஆமாம், விமானத்துக்கு விமானம் தனித்தனியாகத்தான். நாளைக்கு மூன்றாவது விமானம் வாங்கினால் மூன்றாவது முறை. ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது இடதுபக்க ஓட்டம். இது கோளாறு இல்லை. டி.எஃப்-51 என்பது இரண்டாம் உலகப் போர் மஸ்டாங்கின் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவம். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் அதன் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அது வலப்பக்கம் சுற்றும்போது விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் முறுக்கப் பார்க்கும். அது கிளப்பும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் அறையும். வால் தரையில் இருக்கும்வரை ப்ரொப்பெல்லர் அண்ணாந்து நிற்பதால், கீழிறங்கும் வலப்பக்க இலை கூடுதலாகக் காற்றைக் கடிக்கும். எல்லாமாகச் சேர்ந்து மூக்கை இடதுபக்கம் தள்ளும். நிஜ விமானிகளையும் தள்ளியது. அதனால்தான் மேலெழும்புமுன் ரட்டர் ட்ரிம்மை (கால் அழுத்தாமலே ரட்டரை ஒருபக்கம் சாய்த்துவைக்கும் அமைப்பு) 6 பாகை வலப்பக்கம் வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் குமிழ் இருக்கைக்கு இடப்பக்கம் இருக்கிறது, ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த விமானத்தின் வால் சக்கரம் ஸ்டிக்கோடு இணைந்தது. ஸ்டிக் நடுவிலோ பின்னாலோ இருந்தால் வால் சக்கரம் பூட்டிக்கொண்டு, ரட்டரோடு சேர்ந்து பக்கத்துக்கு 6 பாகை மட்டும் திரும்பும். ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் பூட்டு விட்டுப்போகும், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம்போல இஷ்டத்துக்குச் சுழலும். வாலைச் சீக்கிரம் தூக்கும் ஆசையில் ஸ்டிக்கை முன்னால் தள்ளுகிறீர்கள், ரட்டருக்கு இன்னும் போதிய காற்று கிடைக்கவில்லை, சக்கரமும் கைவிட்டது, அப்புறம் புல்வெளிதான். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து, த்ராட்டிலை மெதுவாக, ஒன்று இரண்டு என்று மனதுக்குள் பத்து எண்ணும் நேரத்தில் ஏற்றுங்கள். இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமானியில் 61 அங்குலம் என்பதுதான் மேலெழும்புவதற்கான உச்சம், இஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 3,000. அதுவரை போகாமலே பழகும் எடையில் இது எழும்பிவிடும். ஸ்பெஷல் ஆப்ஷன்ஸில் மேலெழும்ப உதவும் ஒரு நழுவல் பட்டையும், தானியங்கி ரட்டர் என்ற பெட்டியும் உண்டு. பழகும்வரை வைத்துக்கொள்ளலாம், பழகியபின் அவை உங்கள் காலோடு மல்லுக்கு நிற்கும்.

பெடல்தான் இழுக்கிறதா, விமானமா என்று இன்னும் சந்தேகமாக இருந்தால் அதே ஓடுபாதையில் சு-25டியை ஓட்டுங்கள். அது ஜெட், ப்ரொப்பெல்லர் கிடையாது. அது நேராக ஓடினால் பெடல் மீது குற்றமில்லை.

இதற்காகச் சிலர் சொல்லித்தரும் ஒரு வைத்தியம் எனக்குப் பிடிக்காது. ரட்டரின் ‘ஒய் சாச்சுரேஷன்’ என்ற அளவை 100இலிருந்து 60க்குக் குறைத்துவிடு, விமானம் சாதுவாகிவிடும் என்பார்கள். சாதுவாகும். கூடவே முழு ரட்டரும் இனி கிடைக்காது. மஸ்டாங் இடதுபக்கம் ஓடும்போது உங்களுக்குத் தேவைப்படுவது விட்டுக்கொடுத்த அந்த 40தான்.

மூக்கு நடுக்கத்துக்கு வருவோம். விளையாட்டுக்குள் போகுமுன் விண்டோஸில் ஒரு சோதனை. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஜே ஓ ஒய், ஒரு புள்ளி, சி பி எல் என்று தட்டுங்கள். உங்கள் சாதனங்களின் பட்டியல் வரும். ஸ்டிக்கின் ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்தால் ஒரு கட்டத்துக்குள் சிலுவைக் குறி தெரியும். ஸ்டிக்கைக் கையால் தொடாமல் அரை நிமிடம் அந்தக் குறியையே பாருங்கள். பிறகு பல் துலக்கும் வேகத்தில் அல்ல, முள் எடுக்கும் வேகத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்துங்கள். குறி தானாக நடுங்கினாலோ வழியில் எங்காவது துள்ளினாலோ உள்ளே அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. பழைய ரேடியோவின் ஒலிக் குமிழைத் திருகினால் கரகரக்குமே, அதே வியாதி. குறி வழுவழுவென்று நகர்ந்தால் ஸ்டிக் நன்றாக இருக்கிறது. எந்தச் சிப்பும் போகவில்லை.

நன்றாக இருக்கும் ஸ்டிக்கிலும் குறி தவறும். மேசையில் வைக்கும் ஸ்டிக் ஒரு சாண் உயரம். நிஜப் போர்விமானத்தில் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் ஸ்டிக் அதைவிட வெகு நீளம். அங்கே கை ஓர் அங்குலம் நகர்ந்தால் ஆகும் வேலை உங்களிடம் சில மில்லிமீட்டரிலேயே ஆகிவிடுகிறது. அதற்குத்தான் ‘கர்வேச்சர்’. ஆக்சிஸ் டியூனில் பிட்ச், ரோல் இரண்டுக்கும் 15 வைத்துத் தொடங்குங்கள். நடுப்பகுதி மந்தமாகும், ஓரங்கள் அந்த அளவுக்குச் சுறுசுறுப்பாகும், அது கொடுத்து வாங்கும் கணக்கு. 30, 40 என்று ஏற்றினால் சண்டையில் சட்டென்று இழுக்கும்போது விமானம் திடீரென்று பிய்த்துக்கொண்டு போகும். ‘டெட்ஸோன்’, அதாவது நடுவில் ஸ்டிக் அசைந்தாலும் விமானம் கண்டுகொள்ளாத இடம், 2 அல்லது 3 போதும். 10 வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், நுணுக்கமாகக் குறிவைக்க வேண்டிய இடத்தையே அது தின்றுவிடும். த்ராட்டிலுக்குக் கர்வும் வேண்டாம், டெட்ஸோனும் வேண்டாம்.

குறிவைக்குமுன் ட்ரிம் செய்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை. ட்ரிம் இல்லாத விமானத்தில் கை எப்போதும் எதையாவது தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், தாங்கும் கை நடுங்கும். ஸ்டிக்கின் தலையில் உள்ள ஹாட் பொத்தானின் நான்கு திசைகளையும் ட்ரிம்முக்குக் கொடுங்கள். சுற்றிப் பார்க்கவும் அதே ஹாட்தான் வேண்டுமென்றால் ‘மாடிஃபையர்ஸ்’ பொத்தானுக்குள் போய், சுண்டுவிரலுக்கு எட்டும் ஒரு பொத்தானை மாடிஃபையராக வையுங்கள். கீபோர்டில் ஷிஃப்ட் மாதிரி. அழுத்தாமல் தள்ளினால் ட்ரிம், அழுத்திக்கொண்டு தள்ளினால் பார்வை.

இனி அந்த ‘ப்ரோ செட்டிங்’ ஃபைல். நீங்கள் அமைத்ததெல்லாம் ‘சேவ்டு கேம்ஸ்’ ஃபோல்டருக்குள் டி.சி.எஸ்., கான்ஃபிக், இன்புட் என்று போனால் விமானம் வாரியாகச் சாதாரண எழுத்துக் கோப்பாக உட்கார்ந்திருக்கும், நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் சாதனத்தின் பெயரோடு நீளமான அடையாள எண் ஒன்று ஒட்டியிருக்கும். அது அந்தக் கணினி அந்தச் சாதனத்துக்குக் கொடுத்தது. அவருடைய கோப்பை உங்கள் கணினியில் போட்டால் உங்கள் ஸ்டிக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ‘லோட் ப்ராஃபைல்’ வழியாக ஏற்றலாம் என்பார். ஏற்றலாம், ஸ்டிக் அதே மாடலாக இருந்தால் பொத்தான்கள் வரும். ஆனால் உங்கள் பெடல் சேர்த்துவைத்த குழப்பம் பெடலின் பத்தியில் அப்படியேதான் இருக்கும். இலவசமாகப் பகிர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கும்போது இதற்கு 1,500 ரூபாய் கேட்பதற்கு வேறு பெயர் உண்டு. கோப்புக்குப் பதிலாக ‘நிறுவிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு புரோகிராமை அனுப்பினால் திறக்கவே திறக்காதீர்கள்.

அந்த அடையாள எண்ணால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தீபாவளிக்கு மேசையைத் துடைக்க கேபிள்களைக் கழற்றி, திரும்பச் செருகும்போது யு.எஸ்.பி. துளைகளை மாற்றிவிட்டேன். மறுநாள் எல்லா விமானங்களிலும் அமைப்புகள் காலி. எது எந்தத் துளை என்று இப்போது துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். எல்லாம் சரியானதும் அந்த ‘இன்புட்’ ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

விண்டோஸ் சோதனையைப் பெடலுக்கும் செய்து பாருங்கள். பழையது வாங்கும்போது காசு கொடுக்குமுன் செய்திருக்க வேண்டியது, பரவாயில்லை. விற்பவர்கள் “ஹால் சென்சார், தேயாது” என்று அடித்துச் சொல்வார்கள். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் உரசுவதில்லை, தேய்வதும் இல்லை, அது உண்மை. ஆனால் முக்கிய அச்சுகளுக்கு மட்டும் ஹால் வைத்துவிட்டு முறுக்குக்கும் மற்றவற்றுக்கும் பழைய பொட்டன்ஷியோமீட்டரையே வைத்த சாதனங்கள் உண்டு. ரட்டரை மெதுவாக நகர்த்தும்போது பட்டை துள்ளினால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கேட்டு வாங்கி, இணைப்பைக் கழற்றிவிட்டு பொட்டன்ஷியோமீட்டருக்குள் அடித்துச் சிலமுறை அசையுங்கள், கொஞ்ச நாள் ஓடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் துள்ளும் பட்டையை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு பெடல் விற்றவரிடமே போங்கள். போன சிப் எது என்று அவர் இப்போது சொல்லட்டும்.