இசைக் கேள்வி பதில்: ஹார்லெம் ஜாஸ் ஏன் மாறிக்கொண்டே இருந்தது?

கேள்வி: நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த ஜாஸ் இசையை ஆண்டு வரிசையில் கேட்டு வருகிறேன். 1920-களில் ஆடத் தூண்டிய இசை, 1940-களில் உட்கார்ந்து கேள் என்கிறது. கலைஞர்களின் புதுமை மோகம்தான் காரணமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: மோகம் இல்லை, அம்மா. வீட்டு வாடகையிலிருந்து தொடங்க வேண்டும்.

தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களுக்கு நகரின் பல பகுதிகளில் வீடு கிடைக்கவில்லை. அதனால் ஹார்லெமில் வீட்டுக்காரர் சொன்னதுதான் வாடகை. சம்பளம் பற்றாத குடும்பங்கள் சனிக்கிழமை இரவு சாமான்களை ஒதுக்கி, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு விருந்து வைத்தன. அந்தக் கூடத்தில் வாத்தியக் குழு எங்கே நிற்கும்? ஒரே ஒரு பியானோக்காரர்தான். அவருடைய இடது கையே தாளக்காரர்: அடியில் ஒரு சுரம், தாவி நடுவில் ஒரு சுரக்கொத்து, மறுபடி அடி. இந்த 'ஸ்ட்ரைட்' பாணியின் பெரிய கை ஜேம்ஸ் பி. ஜான்சன். தென் கரோலினாவிலிருந்து வந்தவர்கள் ஊர் ஆட்டம் ஆடிய கூடத்தில் அவர் வாசித்தவர். அந்தக் காலடிகள்தான் 1921-இல் அவர் பதிவுசெய்த 'கரோலினா ஷவுட்'டில் கேட்கின்றன.

1926-இல் லெனாக்ஸ் அவென்யூவில் சவாய் நடன அரங்கம் திறந்தது. இரண்டு மேடைகள்; ஒரு குழு ஓய்ந்தால் அடுத்தது தொடங்கும். பெரிய கூட்டம், பெரிய குழு. அங்கே சிக் வெப்பின் டிரம்ஸுக்குக் கால்கள் கட்டுப்பட்டன.

இனி நீங்கள் கேட்ட திருப்பம். என் அப்பா சேலத்தில் தவில் வாசித்தவர். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் சாமி நகரும்போது அவர் வாசிப்பு நடைக்கு அடங்கியிருக்கும். முச்சந்தியில் சாமி நின்றதும் ரசிகர்கள் சுற்றி வளைப்பார்கள். அப்போது தவிலின் தொப்பியில், அதாவது குச்சியால் அடிக்கும் பக்கத்தில், விழும் அடி, எதிர்பார்த்த இடத்தை விட்டு விலகி விழும். நடக்கிறவர்களுக்கு அது இடறும்; நின்று கேட்பவர்களுக்கு அதுதான் விருந்து.

ஹார்லெமின் முச்சந்தி, 118-ஆவது தெருவில் 1938-இல் தொடங்கிய மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இசை விடுதி. வேலை முடித்த கலைஞர்கள் இரவில் அங்கே கூடித் தங்களுக்காக வாசித்தார்கள். டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க், அதுவரை பெரிய டிரம்மில் கால் இடைவிடாமல் அடித்த தாளத்தைச் சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கு மாற்றினார். கால் விடுதலையானது, திடீரென்று, வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் இடி. இப்படி வாசித்ததற்காக முன்பு தன் குழுவிலிருந்து அவரை நீக்கிய டெடி ஹில்லே, மின்டன்ஸின் நிர்வாகியானதும் அவரை அழைத்து அமர்த்தினார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. பியானோவில் தெலோனியஸ் மங்க். டிரம்பெட் வாசித்த டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கரும் வந்து சேர்ந்தார்கள். உட்கார்ந்து கேட்கச் சொல்கிறது என்றீர்களே, அந்த 'பீபாப்' பாணி உருவானது.

அது தன் மக்களை விட்டு விலகிய இசை என்பாரை நான் ஏற்க மாட்டேன். மின்டன்ஸ் இருந்ததும் அதே ஹார்லெமில், ஒரு ஓட்டலின் தரைத்தளத்தில்தான். அடுத்த முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டுச் சிம்பலை மட்டும் பின்தொடருங்கள். பெரிய டிரம் எப்போது குறுக்கிடுகிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.