கனவு என்று தெரிந்த பிறகும்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இதை யாரிடம் கேட்பது என்று தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே சில கனவுகளில், கனவு நடந்துகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று எனக்குத் தெரிந்துவிடும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பேச்சுவாக்கில் சொன்னபோது என் கணவர், அப்படியெல்லாம் இருக்க முடியாது, விழித்த பிறகு நீயாகச் சேர்த்துக்கொள்கிறாய் என்றார். யூடியூபில் தேடினால் லூசிட் ட்ரீமிங் என்கிறார்கள். பழகிவிட்டால் நினைத்ததெல்லாம் நடக்கும், பறக்கலாம், யாரை வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஒருபோதும் அப்படி வசப்பட்டதில்லை.

இப்போது எழுதக் காரணம் வேறு. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு விடிகாலையில் கனவில் வந்தார். பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் உயிரோடு இல்லை என்பதும் தெரிந்தது, இது கனவு என்பதும் தெரிந்தது. ஆனாலும் “சாப்பிட்டீங்களாப்பா?” என்றுதான் கேட்டேன். “இப்பத்தாம்மா” என்றார். அதோடு விழிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவரிடம் சொல்ல முடியாமல் போனது எவ்வளவோ இருந்தது. தெரிந்தே கிடைத்த வாய்ப்பை வீணாக்கிவிட்டேனே என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. அவர் ஏதோ கேட்கிறார், படையல் போடு என்கிறாள் அக்கா.

இது உண்மையில் நடப்பதுதானா? வியாதியா? தெரிந்தும் நான் ஏன் பேசவில்லை? பயிற்சி செய்தால் அவரை மறுபடி பார்க்க முடியுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நடப்பதுதான். வியாதி இல்லை. ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். 24,000 பேருக்கு மேல் அதில் அடக்கம். வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கனவு கண்டவர்கள் 55 சதவீதம். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 சதவீதம். உங்கள் தெருவிலேயே நாலைந்து பேராவது இருப்பார்கள். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொன்னதைத்தான் ஆய்வாளர்களில் பலரும் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது எப்படித் தெரியும்? ஒன்று அரைவிழிப்பில் இருந்திருப்பான், இல்லையென்றால் எழுந்த பிறகு கற்பனை செய்துகொள்கிறான் என்றார்கள். இதை மறுக்க வேண்டுமானால் தூக்கத்துக்குள்ளிருந்தே ஒரு தகவல் வெளியே வந்தாக வேண்டும். கனவுகள் மிகுதியாக வரும் கட்டத்தை ஆர்.இ.எம். உறக்கம் என்பார்கள். அந்த நேரத்தில் கை கால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடுகிறவர் கட்டிலைவிட்டு எழுந்து ஓடாமலிருப்பது அதனால்தான். ஆனால் விழிகளை அசைக்கும் தசைகளுக்கு அந்தக் கட்டு இல்லை.

இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் ஹெர்ன் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார். கனவு என்று தெரிந்த உடனே கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரோடு பேசி வைத்துக்கொண்டார். 1975 ஏப்ரலில், வோர்ஸ்லி உறக்கத்தில்தான் இருக்கிறார் என்று கருவிகள் காட்டிக்கொண்டிருந்தபோதே, விழியசைவைப் பதியும் கோடு பேசி வைத்தபடி ஏறி இறங்கியது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் லபெர்ஜ் தனியாக இதையே செய்து 1981-இல் வெளியிட்டார். வேறொரு உலகத்துக்குள் இருக்கும் ஒருவர், வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்திருந்து தகவல் அனுப்பியிருக்கிறார். முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

கற்பனை என்ற சந்தேகத்துக்கு இன்னும் நேரான பதில் 2018-இல் லபெர்ஜும் உடன் உழைத்தவர்களும் செய்த சோதனையில் இருக்கிறது. கட்டைவிரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு அதைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். விழி வழுக்கிக்கொண்டு போகும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதே வட்டத்தைக் கற்பனை செய்து தொடருங்கள். விழி விட்டுவிட்டுத் தாவும், வேண்டுமென்று முயன்றாலும் சீராகப் போகாது. கனவு என்று அறிந்தே கனவுக்குள் வட்டம் போட்டவர்களின் விழிகள் விழித்திருப்பவர் விழிகளைப் போலவே வழுக்கிச் சென்றன. அதாவது, அவர்கள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவரே விரலை நீட்டிச் செய்து பார்க்கக்கூடியதுதானே.

சரி, அது எப்படி இருக்கும் என்பதற்கு வருகிறேன். யூடியூபில் பேசுகிறவர்கள் அதிகாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கனவு என்று தெரிந்துவிட்டால் நீதான் அங்கே ராஜா என்கிறார்கள். என் அனுபவமும் நான் படித்ததும் அப்படி இல்லை. தெரிந்துகொள்வது ஒன்று, ஆள்வது வேறொன்று. முதலாவது வந்தால் இரண்டாவதும் கூடவே வந்துவிடும் என்று இல்லை.

இந்த வகைக் கனவுக்கு 1913-இல் பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃப்ரெடெரிக் வான் ஈடன். 1898 முதல் 1912 வரை தனக்கு வந்த இத்தகைய 352 கனவுகளைக் குறித்து வைத்திருந்தார். அவருடைய விவரிப்பை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் அவர் அங்கே சாகசம் செய்யப் போகவில்லை, கவனிக்கப் போனார். 1897-இல் இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே மிதந்து போவதாக ஒரு கனவு. நாம் நகர நகரக் கிளைகளும் சுள்ளிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்தும் விலகியும் கோணம் மாறுமே, அது பிசகில்லாமல் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு நுணுக்கத்தை என் கற்பனையால் எப்படி உண்டாக்க முடியும் என்று கனவுக்குள்ளேயே வியந்தார்.

1904-இல் கண்ட கனவு இன்னும் விசேஷம். மேஜைமேல் சில பொருட்கள் இருக்கின்றன. கனவு என்று தெரிகிறது, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு கண்ணாடிச் சில்லைக் கல்லால் அடிக்கிறார். உடையவில்லை. மதுக் கோப்பை ஒன்றை எடுத்து முழுப் பலத்தோடு முஷ்டியால் குத்துகிறார். விழித்திருக்கும்போது செய்தால் எவ்வளவு ஆபத்து என்ற யோசனையும் கூடவே ஓடுகிறது. கோப்பை அப்படியே இருக்கிறது. சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது! தன் முறை வந்ததைக் கவனிக்காமல் தாமதமாக மேடையேறிய நடிகனைப் போல என்று அவர் எழுதுகிறார். சாமர்த்தியமாகச் செய்த போலி உலகம், சின்னச் சின்னப் பிசகுகளோடு. உடைந்த கண்ணாடியை ஜன்னல் வழியே எறிகிறார். சிலீரென்ற சத்தம் கேட்கிறது, இரண்டு நாய்கள் மிரண்டு ஓடுகின்றன. பிறகு அங்கிருந்த மதுவை ஊற்றிக் குடித்து, ருசி சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்.

எனக்கும் கல்லூரி விடுதிக் காலத்திலிருந்து இந்தக் கனவுகள் வருவதுண்டு, பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன்னால். வான் ஈடனும் காலை ஐந்திலிருந்து எட்டுக்குள்தான் தனக்கு வரும் என்கிறார். ஆர்.இ.எம். கட்டங்கள் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாகின்றன என்பதால் இது பொருந்தவே செய்கிறது. முதலில் ஏதாவது ஒன்று இடறும். கடைப் பலகையில் இருப்பதை இரண்டாம் முறை படித்தால் எழுத்து மாறியிருக்கும். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியாது. அட, கனவு என்று தோன்றும். தோன்றியதும் எல்லாம் மங்கிப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு நேர்வது தலைகீழாக இருக்கிறது. காட்சி இன்னும் கிட்டே வருகிறது. சுவரில் காரை பெயர்ந்த இடம், அதன்மேல் விழும் வெயில், வெறுங்காலில் தரையின் சூடு எல்லாம் அதுவரை இல்லாத துல்லியத்தோடு இருக்கின்றன. இந்தச் சுவர் எங்கும் இல்லை என்று தெரியும், கை வைத்தால் சொரசொரக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. அப்போது வரும் சந்தோஷம் தனி வகை. அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கூடிவிட்டால் போதும், விழிப்பு வந்துவிடும். பாதிக் கனவுகள் அப்படித்தான் கையைவிட்டுப் போகும்.

ஒருமுறை கனவில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றிருந்தேன். கனவு என்பதில் துளிச் சந்தேகம் இல்லை. குதித்தால் மிதப்பேன் என்றும் தெரியும். கால்கள் நடுங்கின. குதிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, விழிக்கும்வரை அங்கேயே நின்றேன். தெரிந்திருப்பது கால்கள்வரை போய்ச் சேரவில்லை.

நீங்கள் ஏன் பேசவில்லை என்பதற்கும் நான் நம்பும் காரணம் இதுதான். அங்கே விழித்துக்கொள்வது முழு ஆள் அல்ல. தீர யோசித்துத் திட்டமிடுகிற வேலையில் பங்குள்ள மூளையின் முன்பகுதி ஆர்.இ.எம். உறக்கத்தில் விழிப்பைப்போல முழுதாக இயங்குவதில்லை. கனவு என்ற அறிவு வந்த பிறகும் மற்றதெல்லாம் உடனே வந்து சேர்வதில்லை. 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளில் 36 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தூங்குகிறவரிடம் வெளியிலிருந்து எளிய கேள்விகள் கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் எத்தனை என்ற கேள்விக்கு ஒருவர் உறக்கத்திலிருந்தே கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார். செய்தியில் பெரிதாக வந்தது அதுதான். ஆனால் கனவென்று அறிந்திருந்தவர்களிடம் 158 முறை கேட்டதில், ஏறக்குறைய 60 சதவீதத்துக்குப் பதிலே வரவில்லை. சரியான பதில் வந்தது 18 சதவீதத்துக்குத்தான். கேள்வி வரும் என்று சொல்லிவைத்து, பதில் சொல்லும் முறையையும் பழகிக்கொண்டு படுத்தவர்களின் நிலையே இது. எந்தத் தயாரிப்பும் இல்லாமல், இரண்டு வருடம் கழித்து அப்பாவைத் திண்ணையில் பார்த்த ஒரு மகள் ஆஸ்பத்திரி நாட்களைப் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. நீங்கள் எதையும் வீணாக்கவில்லை. பேச ஆரம்பித்திருந்தாலும் அந்தப் படபடப்பிலேயே முதல் வாக்கியம் முடிவதற்குள் விழித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வான் ஈடனுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1903 மே மாதம், இறந்துபோன மைத்துனரை, அவர் இறந்தவர் என்று நன்றாகத் தெரிந்தபடியே கனவில் சந்தித்தார். மைத்துனர் பேசியதில் முக்கியமானது, வரப்போகும் ஒரு பண நஷ்டம். இறந்தவர்களே தன்னிடம் வந்து பேசுவதாக வான் ஈடன் நம்பினார். உங்கள் அக்காவும் அப்படி நம்புகிறார். நான் நம்பவில்லை, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பால் தோலி என்ற ஜெர்மானிய உளவியலாளர், கனவென்று அறிந்து கனவு காண்பவர்களைக் கொண்டு கனவில் வரும் மனிதர்களிடம் வேலைகள் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வரைந்தார்கள், எழுதினார்கள், எதுகை சொன்னார்கள். கணக்கில்தான் மிகவும் தடுமாறினார்கள். அவர்கள் காண்பவரின் மனதிலிருந்து எழுகிறவர்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதனால் உங்கள் கனவின் மதிப்பு குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. “இப்பத்தாம்மா” என்ற பதிலை நீங்கள் யோசித்துச் சொல்ல வைக்கவில்லை. அது உங்களை முந்திக்கொண்டு வந்தது, அவர் குரலில், அவர் சொல்லும் விதத்தில். அத்தனை வருடங்கள் அவரைக் கேட்டு வளர்ந்த காது உங்களுக்குள் இருக்கிறது. அது அவரை அவ்வளவு சரியாக வைத்திருக்கிறது. படையல் போடுவது உங்களுக்கும் அக்காவுக்கும் ஆறுதல் தருமென்றால் போடுங்கள், அவர் குறைப்படுகிறார் என்ற பயத்தில் வேண்டாம். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதைச் சொல்ல ஒரு கனவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அக்காவும் அந்த நாட்களில் கூட இருந்திருப்பார். அவரிடம் சொல்லுங்கள்.

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. விழித்ததும் அசையாமல் கிடந்து கனவை நினைவுபடுத்தி ஒரு நோட்டில் எழுதுவது முதல் படி. விடிகாலையில் தானாக விழிப்பு வந்தால், சற்றுமுன் கண்ட கனவுக்குள் மறுபடி இருப்பதாகவும் அது கனவென்று கண்டுகொள்வதாகவும் எண்ணி, ‘அடுத்த முறை கனவு வரும்போது கனவு என்று நினைவுக்கு வரும்’ என்று மனதில் நிறுத்தியபடி மறுபடி தூங்குவது லபெர்ஜ் வகுத்த முறை. இவை கனவென்று அறியும் வாய்ப்பைக் கூட்டும். யார் வருவார் என்பதற்கு எந்த முறையும் உத்தரவாதம் தராது. அலாரம் வைத்துத் தூக்கத்தை உடைக்கச் சொல்கிற வீடியோக்களை விட்டுவிடுங்கள். வீடும் வேலையும் பார்க்கிற ஒருவருக்கு அந்தத் தூக்கம் தேவை, துக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் தேவை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்படி முயலும்போது சிலசமயம் கண் திறந்துவிடும், உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அமுக்குவான் பேய் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். மேலே சொன்ன தசைக்கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுவதுதான் காரணம். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே போய்விடும். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருகிறது, சிரித்தால் முழங்கால் தளர்கிறது என்று இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை.

அன்புடன்.