அப்பாவுக்கு பைபோலார், மகளுக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவருக்கு பைபோலார், அதாவது மனம் சில காலம் சோர்விலும் சில காலம் அளவு மீறிய உற்சாகத்திலும் மாறி மாறிப் போகும் நோய். 16 வயது மகளுக்கு இப்போது மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார்களாம்.

கொடுக்கலாம். ஆனால் அப்பாவின் நோய் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்குப் பெண் கேட்டு வருவார்களே என்று நம் டெல்டா பக்கம் மறைப்பது இதைத்தான். பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். மற்றவர்களுக்கு 1, 2 சதவீதம்தான். பலருக்கு அது முதலில் மனச்சோர்வாகவே தலைகாட்டும். அப்போது இந்த மாத்திரையை மட்டும் தந்தால், மனம் மறுபக்கம் எகிறிவிடக்கூடும்.

அதனால் முதல் சில வாரங்கள் கவனியுங்கள். தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பு, ஓயாத பேச்சு, திடீர் எரிச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். குமட்டல், தலைவலி பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

தற்கொலை எண்ணம் வருமா? 2004-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு (FDA) சிறுவர்களிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கும் அத்தகைய எண்ணமோ முயற்சியோ இருந்தது, யாரும் இறக்கவில்லை. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். அப்படி எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் அவளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.