ஏழே கால் மணிச் சோறு

வணக்கம்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு தினமும் ஒன்றரை மணி நேரம் நடக்கிறது. பெரியவனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. சின்னவளுக்கு இருபது மாதம். நான் வேலையிலிருந்து ஐந்தரைக்கு வருவேன். அவர் பனியன் கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறார், வீடு வர ஒன்பது ஆகும். அப்பா வந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடட்டும் என்று எட்டரைக்கு மேல்தான் தட்டு வைக்கிறேன். அதற்குள் சின்னவள் அழ ஆரம்பித்துவிடுகிறாள். பெரியவன் போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். வாங்கிய சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பான். அத்தை கிண்ணத்தோடு சின்னவள் பின்னாலேயே வாசல் வரை போவார். "நாங்க நிலாவைக் காட்டி ஊட்டினோம், நீங்க போனைக் காட்டறீங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டவள் இப்போது நாலு வாயோடு முடித்துக்கொள்கிறாள் என்ற கவலையும் அவருக்கு உண்டு. குழந்தைகளுக்குக் காரமில்லாமல் ஒன்று, சின்னவளுக்கு அதையே மிக்ஸியில் அரைத்து ஒன்று, எங்களுக்கு வேறு என்று மூன்று சமையல் ஆகிறது. எங்கே தவறுகிறேன்?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி விட்டு வந்ததும் பையன் என்ன சாப்பிடுகிறான்? பெரும்பாலான வீடுகளில் அது ஒரு டம்ளர் பால், அதில் சர்க்கரை, கூடவே நாலு பிஸ்கட். 200 மி.லி. பசும்பாலில் சுமார் 130 கலோரி. சர்க்கரை இரண்டு டீஸ்பூன் என்றால் 30, 40. நாலு மேரி பிஸ்கட் 100 பக்கம் வரும். ஆக 270. நாலு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 1,300 கலோரி போதும். இரவுக்கு அதில் கால் பங்கு, 300 சொச்சம். ராத்திரிச் சாப்பாட்டின் பெரும்பகுதியை அவன் ஐந்து மணிக்கே முடித்துவிட்டான். ஆறரைக்கு அத்தை கையால் ஒரு முறுக்கும் போயிருந்தால் மிச்சமும் முடிந்தது. பசி இல்லாத வாயைத் திறக்க வைக்கத்தான் போன் தேவைப்படுகிறது.

எனவே முதலில் மாற்ற வேண்டியது மாலை. நாலரைக்கு 100 மி.லி. பால், அதோடு பாதி வாழைப்பழமோ ஒரு கைப்பிடி சுண்டலோ போதும் (சின்னவளுக்குச் சுண்டலை நசுக்கித்தான் தர வேண்டும்). ஐந்து மணிக்குள் அது முடியட்டும். அதன் பிறகு ஏழே கால் வரை தண்ணீர் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு குழந்தைக்கு மொத்தப் பாலே அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பால் அதிகமானால் சோறு உள்ளே போகாது, மலச்சிக்கல் வரும், இரும்புச்சத்து குறையும். இந்த மூன்றுமே பசியை இன்னும் கெடுக்கும். மூன்று நாள் மலம் போகாத குழந்தையிடம் பசியை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஏழே கால் என்று சொன்னேன். அப்பாவுக்காகக் காத்திருப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் இருபது மாதக் குழந்தைக்கு எட்டரை மணி என்பது தூங்கும் நேரம். தூக்கக் கலக்கத்தில் மெல்லும் வேலைதான் முதலில் நிற்கும். பையன் கன்னத்தில் ஒதுக்குவதற்கும் இது பாதிக் காரணம். மீதிக் காரணம், வாய்க்குள் போகும் உருண்டையின் அளவும், கண் வேறெங்கோ இருப்பதும். சின்னவளுக்குச் சுண்டைக்காய் அளவு, பெரியவனுக்கு அரைநெல்லிக்காய் அளவு. அதற்கு மேல் ஒரு வாய்க்கு வேண்டாம். சோறு வறண்டிருந்தாலும் ஒதுக்குவான். பருப்புத் தண்ணியோ ரசமோ விட்டுக் கொஞ்சம் தளரப் பிசைந்தால் தானாக இறங்கும்.

இனி மூன்று சமையல். அடுப்பில் ஒரே சமையல்தான் நடக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் குழந்தைகளுக்கு எடுத்து வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் துவரம்பருப்பை 300 மி.லி. தண்ணீரும் மஞ்சள் தூளும் சேர்த்து நாலு விசில் விடுகிறீர்கள். காயைத் தனியாக வெறும் தண்ணீரில் வேகவைத்து, புளி ஊற்றுவதற்கு முன்பே குழந்தைகளுக்கானதை எடுத்துவிடுங்கள். புளித் தண்ணீரில் காய் சீக்கிரம் குழையாது. பெரியவர்கள் பல்லுக்குச் சரியாக இருக்கும் கேரட் குழந்தையின் ஈறுக்குக் கட்டையாக இருக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். பருப்பில் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து வைத்தபின் புளி, பொடி, உப்பு.

தாளிப்பிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கரண்டியில் ஒரு டீஸ்பூன் நெய், கால் டீஸ்பூன் சீரகம். பொரிந்ததும் குழந்தைகள் கிண்ணத்தில் கொட்டுங்கள். பிறகு அதே கரண்டியில் எண்ணெய், கடுகு, மிளகாய். மாற்றிச் செய்தால் கரண்டியில் ஒட்டிய காரம் நெய்யோடு சேர்ந்து கிண்ணத்துக்குப் போகும். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. காரம் பட்டு அழும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துப் பலன் இல்லாததும் இதனால்தான். ஒரு ஸ்பூன் தயிர் கொடுங்கள்.

ஆனால் பையனை என்றைக்கும் வெறும் பருப்பிலேயே நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கு மூன்று ஸ்பூன் பருப்பில் ஒரு ஸ்பூன் சாம்பார் கலந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றினால் ஒன்றிரண்டு மாதத்தில் வீட்டுச் சாம்பாருக்கே வந்துவிடுவான்.

உங்கள் ஊர்ச் சமையலில் இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: அரிசியும் பருப்பும் சாதம். ஒரு கப் அரிசி, கால் கப் துவரம்பருப்பு, நாலு கப் தண்ணீர். எண்ணெயில் கடுகு, சீரகம், நாலு பல் பூண்டு, பத்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, கறிவேப்பிலை, மஞ்சள் தூள். வரமிளகாய் இரண்டைக் கிள்ளாமல் முழுதாகப் போடுங்கள். காரம் உள்ளே விதை ஒட்டியிருக்கும் நரம்பில் இருப்பதால், காய் உடையாத வரை வாசனை அதிகம் வரும், காரம் குறைவாகத்தான் இறங்கும். சாம்பார் பொடி சேர்க்கிற வழக்கம் இருந்தால் இந்த நாளுக்கு விட்டுவிடலாம். நாலு விசில். குக்கரைத் திறந்ததும் முதல் வேலை அந்த இரண்டு மிளகாயையும் எண்ணி வெளியே எடுப்பது. சின்னவளுக்கு ஒரு கரண்டி எடுத்து, வெந்நீர் விட்டுக் கரண்டியின் முதுகால் மசியுங்கள், நெய் அரை டீஸ்பூன். பெரியவர்களுக்குக் காரம் ஊறுகாயிலிருந்து வரட்டும். கூட ஒரு முட்டையை வேகவைத்தால் ஆளுக்குப் பாதியாகக் குழந்தைகளுக்கு அதுவும் ஆயிற்று.

மிக்ஸியை இன்றோடு நிறுத்திவிடலாம். ஒன்பது, பத்து மாதத்திலிருந்தே கட்டியும் குழைவுமாக மெல்லப் பழக வேண்டிய வயது. அரைத்ததையே விழுங்கிப் பழகிய குழந்தை இரண்டு வயதில் ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிக்கும். முதல் நாளே முழுச்சோறு வேண்டாம். இரண்டு நாள் மத்தால் கடைந்து, பிறகு கையால் மசித்து, வார முடிவில் குழைந்த சோறாகவே கொடுங்கள்.

தோசையைப் பற்றி ஒரு வார்த்தை. வார நாள் இரவில் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் தோசை மாதிரிப் பகை வேறில்லை. ஒவ்வொன்றாகத்தான் வரும், சுடுகிறவர் உட்காரவே முடியாது, ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் தொடங்குவார். கூடிச் சாப்பிடுவது என்பதே நடக்காது. இட்லி, சந்தகை, உப்புமா, கலந்த சாதம் என்று ஒரே நேரத்தில் இறக்கி வைக்கக்கூடியதை வார நாளுக்கு வைத்துக்கொண்டு, தோசையைக் கணவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். அவரே சுடட்டும்.

நீங்களும் அத்தையும் குழந்தைகளோடு அதே நேரத்தில், அதையே சாப்பிடுங்கள். மெல்லுவதைப் பார்த்துத்தான் அவர்கள் மெல்லப் பழகுகிறார்கள். தரையில் உட்காருவதாக இருந்தால் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து விரித்துவிடுங்கள். சிந்துவதைப் பற்றிய பேச்சு அங்கேயே முடியும். பையனின் தட்டை ஒரு மணைக்கட்டை மேல் வைத்தால் குனிய வேண்டியிருக்காது. மேசை என்றால் கால் தொங்கக் கூடாது. பாதம் ஊன்ற இடமில்லாத குழந்தை நெளிந்துகொண்டே இருக்கும், நாம் அதைச் சேட்டை என்போம். காலுக்கடியில் ஒரு ஸ்டூல் போடுங்கள். விளிம்பு உயர்ந்த சின்ன எவர்சில்வர் தட்டு, 100 மி.லி. டம்ளரில் பாதித் தண்ணீர்.

தட்டில் சாம்பார், ரசம், தயிர் என்று வரிசையாகப் போடாதீர்கள். கடைசியில் தயிர் சாதம் வரும் என்று தெரிந்த பிள்ளை அதுவரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு காத்திருக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம், தயிர் சாதம் உட்பட, முதலிலேயே வைத்துவிடுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. பையனுக்கு ஒவ்வொன்றிலும் நாலு, சின்னவளுக்கு ஒன்றரை. கேட்டால் மறுபடி. புதுக் காய் என்றால் ஒரு டீஸ்பூன் போதும், தொடாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வயதை ஒட்டித் தெரியாத உணவின் மேல் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே பல குழந்தைகள் வாயில் வைக்கின்றன. நாம் மூன்றாம் முறையோடு "இவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். காய் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்ற பேரமும் வேண்டாம், அது காயைத் தண்டனையாக்கிவிடும். நம் இலைச் சாப்பாட்டில் இனிப்பை முதலிலேயே வைத்துவிடுகிறார்கள், யாரும் அதற்காகப் பொரியலைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் இதற்கு ஒரு பாகப்பிரிவினை சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: என்ன வேண்டும் என்று குழந்தையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

அத்தையின் கவலைக்கு வருகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் வருடத்தில் ஒன்பது கிலோவை எட்டுகிறது, ஆறு கிலோ கூடுகிறது. அடுத்த வருடம் கூடுவது இரண்டரை கிலோ பக்கம்தான். வளர்ச்சி வேகம் பாதிக்கும் கீழே வந்தபிறகு பசி மட்டும் அப்படியே இருக்காது. தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளர்ச்சி வரைபடத்தை அவரிடம் காட்டுங்கள். கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் நாலு வாய் என்பது அவளுக்கு அன்றைய அளவு. ஒரு வேளையைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

நிலாவும் போனும் ஒன்றா? கவனம் திருப்புவது என்ற மட்டில் ஒன்றுதான், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிலா அசையாது, பேசாது. குழந்தை இரண்டு நொடி அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாட்டி முகத்துக்கும் கைக்கும் திரும்பிவிடும். போனிலிருந்து கண் திரும்புவதில்லை. வயிறு நிறைந்தது தெரியாது, ருசியும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், மூன்று நாலு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அத்தையிடமிருந்து கிண்ணத்தை மட்டும் பிடுங்கினால் சண்டை வரும். அவர்கள் காலத்து வட்டச் சோற்றைக் கேளுங்கள்: ஒரு பெரிய குண்டாவில் பிசைந்து, சுற்றி உட்கார்ந்தவர்கள் நீட்டும் உள்ளங்கையில் முறைக்கு ஒரு சிறு உருண்டை. கை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதும் குழந்தையின் இஷ்டம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது.

ஓடும் குழந்தைக்கு ஊட்டுவதை இன்றே நிறுத்த வேண்டும். அது பழக்கக் கேட்டைவிடப் பெரிய விஷயம், புரையேறும். உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் வாய்க்குள் உணவு. முழு வேர்க்கடலை, தேங்காய்க் கீற்று, பச்சைக் கேரட் இரண்டு பேருக்குமே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். இருமிக்கொண்டிருந்தால் இருமவே விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் குழந்தையை முன்பக்கம் சாய்த்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேல்நோக்கி அழுத்த வேண்டும், பிறகு மறுபடி முதுகு. (இது ஒரு வயதுக்கு மேல்.) கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் தேடக் கூடாது. இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

போனை நிறுத்துவது படிப்படியாக நடக்காது. ஒரு வெள்ளிக்கிழமை தொடங்குங்கள், எல்லோருடைய போனும் வேறு அறையில், டிவியும் அணைந்திருக்கட்டும். முதல் மூன்று நாள் பையன் பாதிதான் சாப்பிடுவான். ஒரு நாள் ஒன்றுமே சாப்பிடாமல் எழுந்து போகலாம். இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைக் காட்டாமல். ஒன்பது மணிக்குப் பசிக்கிறது என்றால் பிஸ்கட்டோ பாலோ வந்தால் மறுநாளும் அதற்காகக் காத்திருப்பான். மீந்த இட்லி இருந்தால் அதுதான். சின்னவளுக்கு எட்டு மணிக்கு 100 மி.லி. பால், பிறகு பல் துலக்கல். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும்.

எடை இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் இருந்தாலோ, மண், சாக்பீஸ், பச்சரிசி என்று தின்னத் தொடங்கினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி மாத்திரையைப் பொடித்து, அதற்கு மேல் முழு மாத்திரை.

அப்பா ஒன்பது மணிக்கு வந்து உங்களோடு பேசிக்கொண்டு தனியாகச் சாப்பிடட்டும். பிள்ளைகளோடு அவர் உட்கார வேண்டிய வேளை காலை. பையனின் வேன் எட்டேகாலுக்கு என்றால் ஏழரைக்கு நாலு தட்டும் ஒன்றாக விழலாம். இட்லி இருவருக்கும் அவரே பிட்டு வைக்கட்டும்.